கர்த்தர் ஏசாவை வெறுத்தாரா?

(சேதராப்பட்டில் கூடிய மருத்துவ ஊழிய ஆதரவாளர்கள் மத்தியில் அளிக்கப்பட்ட செய்தியின் எழுத்து வடிவம். வேதபகுதி: மல்கியா 1:1-8, ரோமர் 9:6-24)

வேலை நாளென்றும் பாராமல், தொழிற்பேட்டையில் பணிமுறை முடித்து நேராக இங்கே வந்திருக்கிறவர்களுக்குச் சிறப்பான நன்றி.

இன்று நாம் தியானிக்க இருக்கும் பகுதி எளிதானதல்ல. ஊழியக் கூட்டங்களில் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். யாக்கோபின்மேல் அன்பு வைத்ததாகவும், ஏசாவை வெறுத்ததாகவும் கர்த்தர் மல்கியா தீர்க்கதரிசியின் மூலமாகச் சொல்கிறார். அதையே பவுல் அப்போஸ்தலன் ரோமர் 9:13-இல் எடுத்தாளுகிறார். அதிலும், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னே, நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்னே இந்தத் தீர்மானம் ஏற்பட்டது என்கிறார்.

வேதபாடசாலையில் இது ஒரு கேள்வித்தாள் வினா. மருத்துவமனை வார்டிலோ இது கண்ணீரோடு வருகிற கேள்வி. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்கள், குழந்தையில்லை என்று ஊரார் பேச்சுக்கு ஆளான பெண்கள், பிறவியிலேயே உதடு பிளந்த பிள்ளையைத் தூக்கி வரும் பெற்றோர்கள் ஆகிய எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இதையே கேட்கிறார்கள். "என்னைக் கடவுள் வெறுத்துவிட்டாரா? நான் பிறக்குமுன்னே வெறுத்துவிட்டாரா?" இதற்குப் பதில் சொல்லாமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம். ஆகவே கஷ்டமான வசனமாயிருந்தாலும் அதன் அருகில் போய் நின்று பார்ப்போம்.

"வெறுப்பு" என்ற சொல்

முதலில் சொல்லைப் பார்க்கலாம். மல்கியாவில் உள்ள எபிரெயச் சொல்லின் வினையடி "சாநே" என்பது. இதே சொல் ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்தான் என்று 30-ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே, லேயாள் "வெறுக்கப்பட்டாள்" என்று கர்த்தர் கண்டார் என எபிரெயத்தில் உள்ளது. ஆனால் உங்கள் கையிலிருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். அங்கே "வெறுப்பு" என்ற சொல் இல்லை. அவள் அற்பமாய் எண்ணப்பட்டாள் என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் நம் முன்னோர்கள் உழைத்து, 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. அந்தக் குழுவினர் ஒரு குடும்பத்தின் நிலையை அறிந்தே அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்திருக்க வேண்டும். யாக்கோபு லேயாளோடு வாழ்ந்தான், பிள்ளைகள் பெற்றான், கடைசியில் மக்பேலா குகையில் அவளை அடக்கம்பண்ணினான். நாம் இன்று பேசும் பொருளில் அது வெறுப்பல்ல. இரண்டாம் இடம், அவ்வளவுதான்.

நம் ஆண்டவரும் இந்தப் பேச்சு வழக்கையே கையாளுகிறார். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் தமக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று லூக்கா 14:26-இல் சொல்கிறார். அதே போதனையை மத்தேயு 10:37-இல் பாருங்கள். தம்மைவிட அதிகமாய்த் தாய் தகப்பனை நேசிக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு விளக்கம்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தினமும் இதைக் காணலாம். காய்ச்சல்காரர் காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்குப் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மருத்துவர் பாம்புக்கடிக்காரரிடம் ஓடுவார். காய்ச்சல்காரரை அவர் வெறுக்கிறாரா? இல்லை. அவருக்கும் மாத்திரை உண்டு, ஊசி உண்டு. ஆனால் இப்போது முன்னே அழைக்கப்பட்டவர் வேறொருவர். முன்னே அழைப்பது வேறு, வெறுத்துத் தள்ளுவது வேறு.

ஆனாலும் கடினம் முழுவதும் நீங்கவில்லை

இவ்வளவு சொல்லி முடித்துக்கொண்டால் நான் உங்களை ஏமாற்றினவனாவேன். ஏனென்றால் மல்கியாவில் ஏசாவின் மலைகள் பாழாக்கப்பட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறது. "குறைவாக நேசித்தார்" என்ற விளக்கம் அங்கே போதாது. அது மெய்யான நியாயத்தீர்ப்பு.

யார்மேல் வந்த நியாயத்தீர்ப்பு? மல்கியா பேசியது இரட்டைப் பிள்ளைகள் பிறந்து பல நூற்றாண்டுகள் கழித்து. அங்கே "ஏசா" என்பது ஏதோம் தேசம். கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரால் அழிந்தபோது, தப்பி ஓடிவந்தவர்களை ஏதோமியர் வழிச்சந்தியில் நின்று மடக்கிக் காட்டிக்கொடுத்ததாக ஒபதியா தீர்க்கதரிசி குற்றஞ்சாட்டுகிறார். உடன்பிறந்தான் சாகும் வேளையில் அவன் பொருளைக் கொள்ளையிட்ட தேசத்தின்மேல் வந்த கோபம் அது.

தாயின் வயிற்றிலிருந்த குழந்தையைப் பற்றிக் கர்த்தர் சொன்னது என்ன? ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டது, இரண்டு ஜாதிகள் அவள் வயிற்றில் இருக்கின்றன, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்பதே (ஆதியாகமம் 25:23). ஏசா என்ற மனிதனைத் தேவன் வெறுத்தார் என்று ஆதியாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. அவனுக்கு ஆடுமாடும் ஆஸ்தியும் கிடைத்தன. அவன் வம்சத்துக்கென்று ஒரு முழு அதிகாரமே, 36-ஆம் அதிகாரம், எழுதப்பட்டிருக்கிறது. சேயீர் மலையை ஏசாவுக்குக் கொடுத்ததாகவும், அதில் ஓர் அடி நிலத்தைக்கூட இஸ்ரவேலர் எடுக்கக் கூடாது என்றும் உபாகமம் 2:5 கட்டளையிடுகிறது. ஏதோமியனை அருவருக்கக் கூடாது, அவன் உன் சகோதரன் என்று உபாகமம் 23:7 இன்னும் தெளிவாகச் சொல்கிறது.

இதைக் கவனியுங்கள், பிரியமானவர்களே. கர்த்தர் ஒரு தேசத்தை நியாயந்தீர்க்கலாம். அது அவருடைய அதிகாரம். ஆனால் யாக்கோபின் பிள்ளைகளுக்கு ஏசாவின் பிள்ளைகளை வெறுக்க அவர் அனுமதி கொடுக்கவில்லை. வெறுக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்.

யாக்கோபு தன் சகோதரனை மறுபடியும் சந்தித்த காட்சியையும் மறக்காதிருங்கள். ஏசா எதிர்கொண்டு ஓடிவந்து, தம்பியைக் கட்டித் தழுவி அழுகிறான். அப்போது யாக்கோபு, உம்முடைய முகத்தைக் காண்பது தேவனுடைய முகத்தைக் காண்பதுபோல் இருக்கிறது என்னும் கருத்தில் பேசுகிறான் (ஆதியாகமம் 33:10). தெரிந்துகொள்ளப்பட்டவன், தெரிந்துகொள்ளப்படாதவன் என்று நாம் எண்ணுகிறவனுடைய முகத்தில் தேவனுடைய முகத்தைக் கண்டான்.

தெரிந்துகொள்ளுதல் எதற்காக?

அடுத்த கேள்வி இதுதான். தேவன் ஒருவனைத் தெரிந்துகொள்வதன் நோக்கம் என்ன?

இந்தப் பகுதியில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. சேதராப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. மயிலம் சாலையில் சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. இடையில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே உறவு, கொண்டான் கொடுத்தான் முறை. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்களானார்கள். வேண்டுமென்று கருதியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. இதனால் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்றும் ஆக வழியிருந்தது.

பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற "சொல்தா"க்களை இங்கே அறியாதவர் உண்டா? ஒரு வீட்டில் ஒருவருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தால், அதை வைத்து இரண்டு விதமாக வாழலாம். "எனக்கு வருகிறது, உங்களுக்கு வரவில்லை" என்று வாசற்படியில் உட்கார்ந்து பெருமை பேசலாம். அல்லது தம்பி பிள்ளைகளின் படிப்பும், தங்கை மகளின் கல்யாணமும் அந்தப் பணத்தில் நடக்கலாம். பென்ஷன் ஒருவர் பேரில்தான் வருகிறது. ஆனால் அது எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்பதில்தான் அவருடைய குணம் தெரியும்.

ஆபிரகாமைத் தெரிந்துகொண்டபோதே கர்த்தர் சொன்னார், பூமியின் வம்சங்கள் எல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று (ஆதியாகமம் 12:3). கவர் ஒருவன் பேரில் வந்தது, உள்ளே இருந்தது எல்லாருக்கும் உரியது. இஸ்ரவேலரும் எண்ணிக்கையில் பெருகியிருந்ததால் தெரிந்துகொள்ளப்படவில்லை என்று உபாகமம் 7:7 சொல்கிறது. உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களிடத்தில் கணக்குக் கேட்பேன் என்பது ஆமோஸ் 3:2-இன் சாரம். தெரிந்துகொள்ளப்பட்டவனுக்குச் சலுகை கூடுவதில்லை, பொறுப்புதான் கூடுகிறது.

இதைத் திருப்பிப் படித்ததால் நம் ஊரில் நேர்ந்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். துய்ப்ளேக்சின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாத நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஒரே பலிபீடம், நடுவில் சுவர். அதை இடிக்க ஏற்பாடானபோது பெரிய சச்சரவு எழுந்தது. புராட்டஸ்டண்டு சபைகளிலும் நிலைமை மெச்சத்தக்கதாயில்லை. தனித்தனி இருக்கை, தனித்தனிப் பாத்திரம் என்ற வழக்கங்களை எதிர்த்துப் பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அந்தச் சுவரின் பின்னால் இருந்த எண்ணம் என்ன? "நாங்கள் பிறப்பிலேயே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்" என்பதே. ஆனால் பவுல் ரோமர் 9-இல் எழுதுவது இதற்கு நேர்மாறானது. மூத்தவனுக்குரிய பிறப்புரிமையைத் தள்ளிவிட்டுத் தேவன் இளையவனை அழைத்தார் என்கிறார். நாங்கள் ஆபிரகாமின் மாம்ச சந்ததி என்று பிறப்பைக் காட்டிப் பெருமை பேசினவர்களுக்குச் சொன்ன பதில் அது. பிறப்பின் பெருமையை உடைக்க எழுதிய வசனத்தை எடுத்து, பிறப்புக்குச் சுவர் கட்டுகிறவன் வேதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

குயவனும் களிமண்ணும்

"அப்படியானால் குயவனைப் பற்றி எழுதியிருக்கிறதே?" என்று கேட்பீர்கள். கனமான பாத்திரம், கனவீனமான பாத்திரம், கோபாக்கினைப் பாத்திரம் என்று அதே அதிகாரத்தில் வருகிறது.

குயவனைப் பற்றி அறிய நாம் தூரம் போக வேண்டாம். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கே சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள். பச்சை மண் பாத்திரம் கோணினால் அதைத் தெருவில் எறிவார்களா? பிசைந்து மறுபடியும் சக்கரத்தில் ஏற்றுவார்கள். எரேமியா 18:4-இல் தீர்க்கதரிசி குயவன் வீட்டில் கண்டதும் இதுவே. கெட்டுப்போன மண்ணிலிருந்தே வேறொரு பாத்திரம் வனையப்பட்டது. பவுலின் உவமைக்குப் பின்னால் இந்தக் குயவன் வீடும் இருக்கிறது.

இன்னொன்றையும் நிதானித்துப் பாருங்கள். இரக்கத்தின் பாத்திரங்களைத் தேவன் முன்னதாகவே ஆயத்தம்பண்ணினார் என்று பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். கோபாக்கினைப் பாத்திரங்களை அழிவுக்கு ஆயத்தம்பண்ணினவர் இன்னார் என்று எழுதவில்லை. தேவன் அவற்றை மிகுந்த பொறுமையோடே தாங்கினார் என்றுதான் எழுதுகிறார் (ரோமர் 9:22,23). இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்பது என் துணிபு.

எவன்மேல் இரக்கமாயிருக்கச் சித்தமோ அவன்மேல் இரங்குவேன் என்று கர்த்தர் மோசேயிடம் சொன்ன வேளையையும் நினைவுகூருங்கள். இஸ்ரவேலர் பொற்கன்றுக்குட்டி செய்து வணங்கிய பின்பு சொன்னது அது. அழிந்திருக்க வேண்டியவர்கள் பிழைத்தார்கள். இரக்கத்தின் கதவை அகலத் திறப்பதற்காகச் சொன்ன வார்த்தையை, கதவைச் சாத்துவதற்கு நாம் பயன்படுத்தலாகாது.

பவுல் இந்த விவாதத்தைத் துக்கத்தோடு தொடங்குகிறார். தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் ஆயத்தம் என்கிறார் (9:3). தேவன் எல்லார்மேலும் இரக்கமாயிருக்கும்படிக்கே எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டார் என்று முடிக்கிறார் (11:32). ஒன்பதாம் அதிகாரத்தில் நின்றுவிடுகிறவர்கள் பாதி வழியில் பேருந்தைவிட்டு இறங்கினவர்களைப்போல் ஆவார்கள். பதினோராம் அதிகாரம் வரை பயணம் செய்யுங்கள்.

வார்டில் இருப்பவருக்கு என்ன பதில்?

இப்போது அந்தப் படுக்கையின் அருகில் திரும்பி வருவோம்.

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு சகோதரர்கள். ஒருவனுக்குத் தொழுநோய் வருகிறது, மற்றவனுக்கு வரவில்லை. ஏன்? 100 பேரில் 95 பேருக்கும் மேலாக இந்தக் கிருமியை எதிர்க்கும் இயல்பான சக்தி உண்டு என்கிறது மருத்துவ விஞ்ஞானம். மீதியானவர்களில் சிலருக்கே நோய் வருகிறது. இது பாவக் கணக்கல்ல. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். விரல்கள் தானாய் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்த கையிலும் காலிலும் காயம் பட்டுப் பட்டே அவை தேய்கின்றன என்பதை, நம் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் எடுத்துக்காட்டினார். 1980-களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டாலே நோய் குணமாகிறது.

லேவியராகமம் 13-இல் "குஷ்டம்" என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல், துணியிலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகும் கறையையும் குறிக்கிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? ஆகவே இன்று நாம் அறிந்த நோயோடு அதை ஒன்றாக்கி, ஒருவரைத் தீட்டுள்ளவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் யோவான் 9:3-இல் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆயினும் சட்டமே நெடுங்காலம் வேறுவிதமாகப் பேசிற்று. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டித் துணையைத் தள்ளிவிடலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களிலிருந்து 2019-இல்தான் எடுக்கப்பட்டது. தள்ளப்பட்ட மனைவி, "நான் லேயாள்" என்று அழுதால் அதில் வியப்பென்ன?

அவளுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் அந்த அதிகாரத்திலேயே உண்டு. அற்பமாய் எண்ணப்பட்ட லேயாளைக் கர்த்தர் கண்டார். அவள் வயிற்றில் லேவி பிறந்தான், யூதா பிறந்தான். மோசேயும், தாவீதும், மாம்சத்தின்படி நம் இரட்சகரும் அவள் வழியில் வந்தவர்கள். புருஷன் தெரிந்துகொண்டது ராகேலை. கர்த்தர் மேசியாவுக்குத் தெரிந்துகொண்டதோ லேயாளின் வம்சத்தை.

நமக்கு வரும் கேள்வி

கடைசியாக, மல்கியாவுக்கே திரும்புவோம். யாக்கோபை நேசித்தேன் என்று சொன்ன கையோடு, அதே முதலாம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தில் கர்த்தர் யாக்கோபின் பிள்ளைகளிடம் கேட்பது என்ன? கண் தெரியாததையும், நொண்டியானதையும், வியாதியுள்ளதையும் பலியாகக் கொண்டுவருகிறீர்களே, உங்கள் அதிபதிக்கு அதைக் கொடுத்துப்பாருங்கள் என்கிறார். ஏசாவின் கதி என்ன என்று ஆராய அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. நேசிக்கப்பட்டவர்களே, உங்கள் காணிக்கை எப்படியிருக்கிறது என்று கேட்கிறார்.

மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற நமக்கும் இந்தக் கேள்வி உண்டு. காலாவதியான மாத்திரை, பொத்தான் இல்லாத சட்டை, வீட்டில் இடத்தை அடைக்கும் கட்டில் இவை தர்மமாக வரும்போது, நாம் மிச்சத்தைக் கொடுக்கிறோமா, பங்கைக் கொடுக்கிறோமா? தொழுநோய்க்கான மருந்து அரசு மூலமாய் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் உணர்ச்சியற்ற காலுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வேண்டும். அது தேயத் தேய மாற்ற வேண்டும். ஆறாத புண்ணுக்கு வாரக்கணக்கில் கட்டுப்போட வேண்டும். மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். நம் நாட்டில் சமீப ஆண்டுகளில்கூட, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் புதிய நோயாளிகளாய்க் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணிக் கையை மடக்கிக்கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை.

பழுதுள்ள மிருகம் பலிபீடத்துக்கு ஆகாது என்ற கட்டளையைக் கேட்டு, ஊனமுள்ள மனிதரும் ஆகாதவர் என்று எண்ணிவிடாதிருங்கள். மத்தேயு 21:14-ஐ வாசியுங்கள். குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்துக்குள்ளேயே இயேசுவண்டை வந்தார்கள். அவர் அவர்களை வெளியே அனுப்பவில்லை, அங்கேயே சொஸ்தமாக்கினார்.

ஆகையால் பிரியமானவர்களே, தேவன் யாரை வெறுத்தார் என்ற பட்டியல் நம் கையில் கொடுக்கப்படவில்லை. யாரை அருவருக்கக் கூடாது என்ற கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று விசுவாசித்தால், நல்லது. உங்கள் பேரில் வந்த கவரைப் பிரித்துப் பாருங்கள். அதில் அடுத்த படுக்கையில் இருப்பவருடைய பங்கும் இருக்கிறது.

யாக்கோபின் தேவனும், லேயாளைக் கண்டவரும், எல்லார்மேலும் இரங்குகிறவருமாகிய கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும், வார்டுகளில் இந்த இரவைக் கழிக்கப்போகும் நோயாளிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.